முப்பத்தோரு டேமேஜ்

"இதோட முப்பத்தொண்ணு டேமேஜுங்க" என்றாள் கருப்பாத்தாள்.

கந்தப்பன் வாசலை எட்டிப் பார்த்தார். சென்னையிலிருந்து சரக்கு வாங்கப் பையர் வருகிற நாளில்தானா இது?

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் கந்தப்பன் இருபது வருடம் பனியன் துணி ஓட்டிய ஷெட் அது. மெஷின்களை விற்றுவிட்டு, மகன் முகிலன் ஐந்நூறு டப்பாக்களில் சேற்று நண்டு வளர்க்கிறான். டப்பாவுக்கு ஒரு நண்டு, சுற்றிச் சுற்றி ஓடும் உப்புத் தண்ணீர். கடல் எங்கோ கிடக்க இங்கே நண்டா என்று சிரிக்காத சொந்தக்காரன் இல்லை. இது முதல் அறுவடை. பையர் வேண்டாமென்று போய்விட்டால் ஷெட்டைக் குடோனுக்கு விட வேண்டியதுதான். கருப்பாத்தாளின் வேலையும் போச்சு.

முகிலன் குஞ்சு நண்டு வாங்கக் கடலோரம் போயிருந்தான். போனில் டவர் இல்லை. கந்தப்பனோ மகனிடம் ஒன்றையும் கேட்டு வைத்துக்கொள்ளாதவர். போகும்போது முகிலன் கருப்பாத்தாளிடம் சொன்னது இவ்வளவுதான்: ஒரு டப்பா விடாமல் பாருங்கக்கா, வித்தியாசமாகத் தெரிவதை உடனே எடுத்து ஐஸில் வையுங்கள்.

இதற்கு மேல் விளக்கம் எதற்கு? பனியன் கம்பெனியில் பதினெட்டு வருடம் செக்கிங் பார்த்தவள் அவள். தனியாக எடுத்து வைத்தால் அது ரிஜெக்ட், அவ்வளவுதானே.

"ஓடு கழண்டு தனியாக் கெடக்குதுங்க. உடம்பு அமுக்கினா பஞ்சாட்டம் உள்ளே போகுது."

கந்தப்பன் அவசரமாக ஐஸ் தட்டைத் துணியால் மூடினார். "அம்மிணி, இது பின்னாடி ரூம்லயே இருக்கட்டும். கெட்டியா இருக்கறத மட்டும் காட்டுவோம்."

பையர் வருமுன் டேமேஜை ஒளிப்பதில் அவருக்குப் பழைய அனுபவம் உண்டு. கருப்பாத்தாளுக்கு அது ஆகவே ஆகாது.

பையர் ஷாபாஸ் வந்தார். சென்னையில் பெரிய ஓட்டல்களுக்கு நண்டு கொடுப்பவர். கொழுகொழுவென்ற நண்டுகளைக் கந்தப்பன் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். எல்லாம் ஃபர்ஸ்ட் குவாலிட்டி என்று நெஞ்சை நிமிர்த்தினார். வந்தவர் முகத்தில் சுரத்தே இல்லை. இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கருப்பாத்தாளால் பொறுக்க முடியவில்லை. நேராகப் பின்னறைக்குப் போய்த் தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இவ்வளவுதான்னு சொன்னா அது பொய்யாப் போயிருமுங்க. முப்பத்தொண்ணு டேமேஜும் இருக்குது. பார்த்துட்டே முடிவு பண்ணுங்க."

கந்தப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஷாபாஸ் துணியை விலக்கினார். ஒரு நண்டை உள்ளங்கையில் வைத்து மெல்ல அமுக்கினார். எழுந்தவர் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

"ஓட்டோட இருக்கற நண்டு எங்க ஊர் மார்க்கெட்லயே கிடைக்குதும்மா. வளர்றப்போ தானா ஓட்டைக் கழட்டின உடனே எடுத்த நண்டைத்தான் எங்க ஓட்டல்கள்ல அப்படியே முழுசாப் பொரிச்சு வைக்கறாங்க. முகிலன் தர்றேன்னு சொன்னதும் இதைத்தான். வாரத்துக்கு எத்தனை டேமேஜ் தருவீங்க?"