லாரியில் வந்த கம்பிகள்

இனாமாகக் கொடுக்கும் தண்ணீர் வீணாகப் போகிறது என்று பேரூராட்சியில் முடிவெடுத்து, குப்பத்துக்கு இருந்த ஒரே தெருக்குழாயைப் பிடுங்கிவிட்டார்கள். கிடங்கில் இடமில்லாததால் அதைப் பக்கத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் கொண்டுவந்து போட்டார்கள். என்றைக்காவது திரும்பக் கூப்பிடுவார்கள் என்று குழாய் நம்பிக்கொண்டு கிடந்தது.

கொஞ்ச நாளில் வராந்தா முழுக்கப் பாய் விரித்து ஜனங்கள் படுத்தார்கள். வாய்க்கால் தண்ணீரைக் குடித்ததில் வாந்தி, பேதி. எல்லாம் குழாய்க்குப் பழகிய முகங்கள். தண்ணீர் குடித்துவிட்டு மூட மறந்து ஓடுகிற சின்னப்பெண் அஞ்சுகமும் கண் செருகிக் கிடந்தாள்.

"இவங்கல்லாம் என்கிட்ட வந்துக்கிட்டிருந்தவங்க" என்றது குழாய்.

"தெரியும்க்கா" என்றது அவள் தலைமாட்டில் நின்ற குளுக்கோஸ் ஸ்டாண்டு. "நீ குடம் குடமாக் குடுத்ததைத்தான் நான் சொட்டுச் சொட்டாக் குடுக்கிறேன். பாட்டிலத் தூக்கிப் பிடிச்சுக் கையே விட்டுப்போச்சு."

வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. அதிலிருந்து பளபளவென்று நீளநீளமான கம்பிகளை இறக்கினார்கள். பின்னாலேயே பேரூராட்சித் தலைவர் மாலையும் கழுத்துமாக வந்தார். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

குழாய்க்கு வயிறு குளிர்ந்துபோனது. "பாத்தியா, பைப்பு வந்திருச்சு. புள்ளைய எழுப்பிச் சொல்லு."

ஸ்டாண்டு கம்பிகளின் நுனியில் இருந்த கொக்கிகளைப் பார்த்தது.

"அது பைப்பு இல்லக்கா" என்றது. "என் தங்கச்சிங்க. இனிமே படுக்க வர்றவங்களுக்கு."