எலுமிச்சம்பழமும் ஸ்பார்க் பிளக்கும்

பழைய கார் ஒன்று மேடேற முடியாமல் இருமியது. "இனி காயலான் கடைதான்," என்றார் சொந்தக்காரர்.

திருஷ்டிக்காக முன்னால் தொங்கிய எலுமிச்சம்பழம், "வாராவாரம் என்னைப் புதுசா மாத்துறாரு. அப்படியும் வண்டி ஏறலையே," என்றது.

என்ஜினிலிருந்த ஸ்பார்க் பிளக் சொன்னது: "மாத்த வேண்டியது எங்களை. கரி பிடிச்சுக் கிடக்கோம். எப்படியோ சமாளிக்கிறோம், அதான் அவருக்குத் தெரியல."

"அப்ப சமாளிக்காதீங்க."

மறுநாள் மெக்கானிக் கடை வாசலில் பிளக்குகள் எல்லாம் வேலையை நிறுத்தின. கார் நின்றது. மெக்கானிக் அவற்றைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் போட்டார்.

கார் ஒரே மூச்சில் மேடேறியது. கடையின் தகர டப்பாவில் கிடந்த பழைய பிளக், பக்கத்தில் கிடந்த இன்னொரு பிளக்கிடம் சொன்னது: "சத்தம் கேக்குதா? அது நம்ம வண்டி."