புஷ்பவல்லி சொன்ன மூன்று வாக்கியம்

மைக்கை வாங்கிய பிறகுதான் புஷ்பவல்லி மூன்றாவது வரிசையைப் பார்த்தாள்.

அங்கே லோகன் உட்கார்ந்திருந்தார். காப்பார் சாலையில் அவள் வேலை செய்யும் பிளாஸ்டிக் டப்பாத் தொழிற்சாலையின் எச்.ஆர். அதிகாரி. ஆட்களை எடுப்பதும் நிறுத்துவதும் அவர் கையில்தான்.

கம்பெனிக்காரர்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடி மண்டபம். கர்ப்பமாக இருக்கும் தொழிலாளர்களுக்கான சட்டத்தைத் திருத்துவதற்கு முன்னால் பெண்களைக் கேட்க வேண்டும் என்று ஒரு குழு வந்திருந்தது. மேடையில் மூன்று பேர். அவர்களில் நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்த அம்மா வெளிநாட்டு வழக்கறிஞர் என்பதால் கூட்டம் முழுக்க இங்கிலீஷில் நடந்தது.

புஷ்பவல்லிக்கு மலாய் சரளமாக வரும். இங்கிலீஷ் அங்கொரு சொல் இங்கொரு சொல் பிடிபடும். அவளுக்காகத்தான் பக்கத்தில் சந்திரகலா நின்றாள். மொழிபெயர்ப்பாளர். முப்பத்தைந்து வயதிருக்கும். இருவரும் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டது அன்று காலை, வாசலில் பெயர் பதியும்போது.

"தமிழ்லயே பேசுங்கக்கா, பயப்படாதீங்க லா," என்று சொல்லியிருந்தாள்.

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வரும்போது புஷ்பவல்லி எல்லாவற்றையும் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். வருஷா வருஷம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் வாரத்தில் சிறுநீர் பிடிக்கக் கையில் ஒரு சின்னக் கப்பைக் கொடுப்பார்கள். கழிவறை வாசலில் கிளார்க் நிற்பாள். கப்பை அவளிடம் நீட்ட வேண்டும். குச்சியில் இரண்டு கோடு வந்தால் புதுக் கான்ட்ராக்ட் கிடையாது. ஏன் என்று கடிதத்தில் இருக்காது. வேலையை விட்டு நிறுத்தியதாகவும் ஆகாது, காலம் முடிந்தது, அவ்வளவுதான்.

புஷ்பவல்லி நான்கு முறை கப்பை நீட்டியிருக்கிறாள். நான்கு முறையும் ஒரு கோடுதான்.

இதைத்தான் சொல்ல வந்தாள்.

லோகன் செல்பேசியை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அடுத்த கான்ட்ராக்டுக்கு ஆறு வாரம் இருந்தது.

"வேலை ஓகேதான். ஓ.டி. கொஞ்சம் கூட்டிக் கொடுத்தா நல்லாருக்கும். வேற ஒண்ணும் இல்லைங்க," என்றாள் புஷ்பவல்லி.

மூன்றே வாக்கியம்.

மைக்கைச் சந்திரகலாவிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். காது சுட்டது.

சந்திரகலா பேசத் தொடங்கினாள்.

பேசிக்கொண்டே இருந்தாள்.

மூன்று வாக்கியத்துக்கு இங்கிலீஷில் இவ்வளவு நேரமா ஆகும் என்று புஷ்பவல்லி முதலில் நினைத்தாள். பிறகு காதைக் கொடுத்துக் கேட்டாள். ஓ.டி. என்றோ ஓவர்டைம் என்றோ ஒரு சொல் வரவே இல்லை.

'பாஸ்' வந்தது. 'க்ளினிக்' வந்தது. 'ப்ரொமோஷன்' இரண்டு தடவை வந்தது.

டப்பா அடுக்குகிறவளுக்கு ஏது ப்ரொமோஷன்?

சந்திரகலா 'ஐ' என்றுதான் சொன்னாள். அதில் தப்பில்லை. மொழிபெயர்ப்பில் அதுதான் முறை, நீங்கள் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றுதான் சொல்வேன் என்று காலையிலேயே விளக்கியிருந்தாள். மேடையிலிருந்த மூவரும் அதனால் சந்திரகலாவைப் பார்க்கவில்லை. புஷ்பவல்லியைத்தான் பார்த்தார்கள். குனிந்து எழுதினார்கள். மறுபடி அவளையே பார்த்தார்கள்.

லோகனுக்கு இரண்டு மொழியும் தெரியும். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் சந்திரகலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்திரகலாவின் குரல் உயரவும் இல்லை, உடையவும் இல்லை. வானிலை அறிக்கை வாசிப்பதுபோல ஒரே சீராக இருந்தது. மைக்கைப் பிடித்த கைதான் இறுகி வெளுத்திருந்தது.

முடித்தாள்.

நரைமுடி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். புஷ்பவல்லியைப் பார்த்து மெதுவாக ஏதோ கேட்டார். 'ஹவ் மெனி வீக்ஸ்' என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

இப்போது சந்திரகலா திரும்பி அதைத் தமிழில் கேட்க வேண்டும். காலையிலிருந்து ஒவ்வொரு பெண்ணிடமும் அப்படித்தான் கேட்டாள்.

அவள் திரும்பவில்லை.

"இலெவன்," என்றாள். "இலெவன் வீக்ஸ்."

அம்மா எழுதிக்கொண்டார். நன்றி சொன்னார், புஷ்பவல்லிக்கு. பதினொன்று சந்திரகலாவின் சொந்தக் கணக்கு என்று புஷ்பவல்லிக்கு அப்போதுதான் விளங்கியது.

அடுத்த பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒருத்தி எழுந்து வந்தாள்.

புஷ்பவல்லி நாற்காலியை விட்டு எழுந்தாள். சந்திரகலாவின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். சுலபமாக வரவில்லை, விரல்களைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை அவள் மூன்றாவது வரிசையைப் பார்த்தே பேசினாள்.

"எனக்கு ஏழு வாரம். போன வருஷம், கப்பு குடுக்கிறதுக்கு ரெண்டு மாசம் முன்ன. நானே போய்க் கலைச்சிட்டு வந்தேன். எனக்கு அந்தப் புள்ளை வேணும்னுதான் இருந்துச்சு."

மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள்.

எல்லோரும் சந்திரகலாவுக்காகக் காத்திருந்தார்கள்.

"ஐ," என்று தொடங்கினாள். அதற்கு மேல் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை.