காலிக் குடம்

“தமிழ்ல படிவம் தர்ற வரைக்கும் இந்த இடத்த விட்டு அசைய மாட்டேன்!”

குடிநீர் அலுவலக வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார் குற்றாலிங்கம். வயது எழுபத்தாறு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில், மீசை முளைக்கும் முன்பே மொழிப்போரில் இறங்கி, பாளையங்கோட்டைச் சிறைக்குப் போனவர். தென்காசியில் அவர் மனுக் கொடுக்காத அலுவலகம் கிடையாது.

கையில் ஒரு தட்டி. ‘அருவி கொட்டுகிற ஊர்ப்பக்கம் காலிக் குடமா?’

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் அலிமா. அவர் தெருவில் பீடி சுற்றுகிறவள். ஜனவரி தொடக்கத்தில் வீட்டுக்குக் குழாய் இணைப்புக் கேட்டு இங்கே வந்தாள். நீட்டியது இங்கிலீஷ் படிவம். எங்கோ குறி போட்டாள். கடைக்கான இணைப்பு என்று எடுத்துக்கொண்டு தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

அன்றைக்கே குற்றாலிங்கம் மனு எழுதினார். அவளிடமும் கண்டிப்பாகச் சொன்னார்:

“தமிழ்ப் படிவம் வர்ற வரைக்கும் அந்த வாசப்படிய மிதிக்காத. வந்தா எனக்குத்தான் முதல்ல தெரியும்.”

அலிமா மிதிக்கவில்லை. ஐந்து மாதமாகத் தெருக்கோடி அடிபம்பிலிருந்து தண்ணீர் சுமந்தாள்.

அலுவலர் உமா மகேஸ்வரி வெளியே வந்தாள்.

“ஐயா, சாரல் அடிக்கு. உள்ள வந்து உக்காருங்க.”

“சாரலா? தடியடிக்கே எந்திரிக்காதவன்மா நான். தமிழ்நாட்டுல தண்ணி குடிக்கதுக்கு இங்கிலீஷ் படிக்கணுமோ? எம் மனுவுக்கு என்ன பதில்?”

“ஆறு தடவ பதில் அனுப்பிட்டோம் ஐயா.”

“அனுப்புனீங்க! உறை மேல எம் பேரே இங்கிலீஷ்ல! வாங்குவேனா நான்?”

வாங்கவில்லைதான். ஒவ்வொரு உறையிலும் சிவப்பு மையில் ‘ஆங்கிலக் கடிதம் ஏற்கப்படாது’ என்று எழுதித் தபால்காரர் பென்னியிடமே திருப்பிக் கொடுத்தார்.

“பிரிச்சாவது பாருங்க அண்ணாச்சி” என்பார் பென்னி.

“மேலேயே அந்நிய மொழி. உள்ள மட்டும் தேனா ஒழுகப் போவுது? கொண்டு போலே!”

இதைப் பொதுக்கூட்டத்தில் சொல்லிக் கைதட்டுகூட வாங்கியிருக்கிறார்.

“போனும் பண்ணுனேனே ஐயா” என்றாள் உமா.

“வாய்ப்பேச்சு எனக்கு வேண்டாம், எழுத்துலதான்னு வச்சிட்டேன். அறுபது வருசமா அதிகாரிகளப் பாத்தவன்மா நான்.”

உமா உள்ளே போனாள். ஆறு உறைகளோடு திரும்பி வந்தாள். ஆறிலும் அவருடைய சிவப்புக் கையெழுத்து. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

“முகவரிய கம்ப்யூட்டர் அடிக்கு ஐயா. அதுல தமிழ் கிடையாது. அதையும் மாத்தச் சொல்லி மேல எழுதியிருக்கோம். நீங்களே பிரிச்சுப் பாருங்க.”

“தொடமாட்டேன்!”

அலிமா குடத்தை இடுக்கிக்கொண்டே எட்டி, அடியில் இருந்த முதல் உறையை உருவிக் கிழித்தாள்.

“அண்ணாச்சி... உள்ள பூராவும் தமிழால்லா இருக்கு!”

எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

“‘தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது. இனி இந்த அலுவலகத்தில் எல்லாப் படிவங்களும் தமிழிலேயே வழங்கப்படும். அலிமா அவர்களுக்கான படிவம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.’ தேதி, ஜனவரி இருபத்தெட்டு.”

குற்றாலிங்கம் தட்டியைக் கீழே வைத்தார்.

“உங்க மனுவக் காட்டித்தான் மேலிடத்துல அனுமதி வாங்குனோம்” என்றாள் உமா. “லீவு நாள்ல நாங்களே உக்காந்து ஒவ்வொரு வரியா தமிழ்ல எழுதுனோம். ஊருக்குள்ள இதுவரைக்கும் எழுபத்திரண்டு வீட்டுக்குத் தண்ணி போயிருக்கு ஐயா. எல்லாம் அந்தப் படிவத்துலதான்.”

குற்றாலிங்கத்தின் நெஞ்சு நிமிர்ந்தது. சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“பாத்தியா அலிமா! கேக்கிற விதத்துல கேட்டா எந்த அரசாங்கமும் அசையும். ஜெயிச்சுட்டோம்லா?”

“ஜெயிச்சு அஞ்சு மாசம் ஆச்சுன்னு சொல்லுங்க அண்ணாச்சி” என்றாள் அலிமா, இடுப்பிலிருந்த காலிக் குடத்தை இறக்காமலே.