பெயர் எழுதாத அட்டை

நீச்சல் முகாமுக்குப் போயிருந்த தாமரைக்கு அனுப்ப, அவள் அப்பாவுக்கு இரண்டாந்தாரமாக வந்த வசுமதி, தன் கல்யாணத்தில் மீந்த பத்திரிகைகளை வெட்டி ஒட்டி வாழ்த்து அட்டை செய்தாள். மஞ்சள் தடவிய ஓரங்கள் மீன்களாயின. அடியில் ‘அம்மா’ என்றெழுதத் துணிச்சலில்லை. ‘சித்தி’ என்றெழுத மனசில்லை. பாவம், பெயரில்லாமலே தபாலில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தாமரை போனில் கத்தினாள். “சித்தி, எங்கம்மா கார்டு அனுப்பியிருக்காங்க! என்னை மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு எல்லாரும் சொன்னீங்களே? மீனெல்லாம் ஒட்டியிருக்கு. உனக்கு இப்படி ஒண்ணு செய்யத் தெரியுமா?”

விரலில் காய்ந்த பசையை வசுமதி உரித்துக்கொண்டிருந்தாள். “எனக்கு அதெல்லாம் வராது கண்ணு.”

“இன்னொண்ணு அனுப்புவாங்களா?” என்று கேட்டுச் சிரித்தாள் தாமரை.

“புதன்கிழமை வந்துடும்,” என்றாள் வசுமதி, தன்னை மறந்து.

மறுமுனையில் சிரிப்பு நின்றது.