பனியில் கொட்டிய வோட்கா

"மறுபடியும் குடிக்க ஆரம்பிச்சிட்டியா?" ஜீப் சீட்டுக்கடியில் கிடைத்த வோட்கா பாட்டிலைத் தூக்கிக் காட்டி நோரின் கத்தினாள். "தினம் உன் வாயை மோந்து பாக்குறதே என் பொழப்பாப் போச்சு!"

"சக்கரப் பூட்டோட காத்துக் குழாய்க்கு வெச்சிருக்கேன். இந்த யூகான் குளிர்ல உள்ளே ஐஸ் கட்டிக்கும்," என்றான் அவள் புருஷன் கர்ட்டிஸ்.

"யாருக்குக் காது குத்துற?" கதவைத் திறந்து, ஒரு சொட்டு விடாமல் பனியில் கொட்டினாள்.

அடுத்த ஏற்றத்திலேயே ஜீப் பனியில் புதைந்தது. பின்சக்கரங்களில் ஒன்று வெறுமனே சுழன்றது, மற்றது அசையவில்லை. இரண்டும் சேர்ந்து சுழலும்படி காற்றழுத்தத்தால் பூட்டும் பொத்தானைக் கர்ட்டிஸ் அழுத்தினான். கம்ப்ரஸர் உறுமியது, பூட்டு விழவில்லை. இறங்கிப்போய் அச்சருகே குழாயைக் கழற்றினான். காற்றே வரவில்லை.

"ஐஸ் அடைச்சிருக்கு. ரெண்டு மூடி வோட்கா ஊத்தினா கரைஞ்சிருக்கும். இப்போ ரெண்டு பேரும் விறைச்சுச் சாவோம். திருப்திதானே?"

நோரின் அவனை முறைத்தாள். பிறகு குனிந்து, தன் பூட்ஸுக்குள் கையை விட்டு, சப்பையான விஸ்கி பாட்டில் ஒன்றை உருவினாள். அதில் பாதிதான் இருந்தது.

கர்ட்டிஸ் வாயைத் திறந்தான்.

"ஒரு வார்த்தை பேசின, இதையும் கொட்டிடுவேன்!"