அலையில் தெரிந்தது

"மூளைப் படமெல்லாம் வேணாங்க, குவீன்ஸ்டவுன் வீட்டுக்கே திரும்பிடலாம்." ஆஸ்பத்திரி பெஞ்சில் அல்போன்சம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"பயப்படாதே," என்றார் கணவர் லாசரஸ். "நொவேனா மாதா கோயில்ல நேர்ந்துக்கிட்டு வலிப்பு மாத்திரையை விட்டேன். ஒரு வருஷமா வலிப்பே வரலை. மாதா செஞ்ச புதுமையை டாக்டரும் பாக்கட்டும்."

தலையெங்கும் வயர் ஒட்டி, அவருடைய மூளையின் அலைகளைக் காகிதத்தில் பதிவுசெய்தார்கள்.

டாக்டர் சிவசுப்பிரமணியம் காகிதத்தைப் புரட்டினார். "நல்லா இருக்கு. மாத்திரை வேலை செய்யுறது அலையிலேயே தெரியுது. விடாம சாப்பிடுங்க."

"மாத்திரையா? நான் தொட்டே ஒரு வருஷமாச்சே, டாக்டர்."

இருவரும் அல்போன்சம்மாளைப் பார்த்தார்கள். ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்த அவள் விரல்கள் நின்றன.

"தினமும் நான் கலக்கித் தர்ற கோப்பி கசக்குதுன்னு திட்டுவீங்களே... அதாங்க."